அழாத பிள்ளை: நாடுவிட்டு நாடு தத்தெடுக்கப்படும் குழந்தைகள் குறித்துச் சில குறிப்புகள்

2011ஆம் ஆண்டு இலையுதிர்காலம். நெதர்லாந்தில் நான் வேலைசெய்யும் தொழிற்சாலையில் என்னோடு ஒரே மேசையில் நின்று பொதிசெய்யும் டச்சுக்காரர் ஒருவர் நான்கு வார விடுமுறை முடிந்து திரும்பியிருந்தார். அவரும் மனைவியும் சீனாவிலிருந்து ஒரு பெண்குழந்தையைத் தத்தெடுத்திருந்தார்கள். வயது இருபத்திரண்டு மாதம். இடைவேளையில் படங்களைக் காட்டினார். "எவ்வளவு நல்ல பிள்ளை தெரியுமா? விழுந்தாலும் அழாது. யார் தூக்கினாலும் போகும். கொடுத்ததெல்லாம் சாப்பிடும்" என்றார். "நீங்கள் அதிர்ஷ்டசாலிகள்" என்றேன் நான். 'குணமான பிள்ளை' என்பதற்கு எமது ஊரிலும் இதுதானே வரைவிலக்கணம்.

நான்கு மாதங்களின் பின் அதே மனிதர் தூக்கமில்லாத கண்களோடு வந்தார். பிள்ளை இரவிரவாகக் கத்துகிறது. தாய் கழிவறைக்குப் போனாலும் கதவடியில் நின்று அலறுகிறது. தன்னை அண்டவே விடுவதில்லை. "எங்கோ பெரிய பிழை விட்டுவிட்டோம்" என்றார். நான் அனுதாபம் தெரிவித்தேன்.

இரண்டு தடவையும் நான் சொன்னது பிழை. கவலைப்படவேண்டிய செய்திக்கு வாழ்த்தும், நல்ல செய்திக்கு அனுதாபமும் சொல்லியிருக்கிறேன். அது ஏன் பிழை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுவீகாரம் எமக்குப் புதிதல்ல. பிள்ளையில்லாத சகோதரிக்குத் தன் பிள்ளையைக் கொடுப்பதும், தாயை இழந்த பிள்ளையைச் சித்தி வளர்ப்பதும் எமது குடும்பங்களில் நடந்தவையே. ஆனால் அதுபற்றிய எமது பேச்சு பெரும்பாலும் வளர்ப்பவரைச் சுற்றியே அமைந்தது: வம்சம், சொத்து, கொள்ளி வைக்க ஒரு ஆண்பிள்ளை. பிள்ளை எதை விட்டுவருகிறது என்ற கேள்வி எழவில்லை. பிள்ளை பக்கத்து வளவுக்குத்தானே போனது! அதே மொழி, அதே சோறு; பெற்றவள் வேலிக்கு அப்பால் நின்றாள். நாடுவிட்டு நாடு செல்லும் தத்தெடுப்பில் இவற்றில் எதுவுமே எஞ்சுவதில்லை.

சீனாவில் அக்காலத்தில் பிள்ளை கையளிக்கப்பட்டது பெரும்பாலும் மாகாணத் தலைநகரொன்றின் அரச அலுவலகத்தில் அல்லது விடுதியொன்றில். இல்லத்துப் பணியாளர் பிள்ளையைக் கொண்டுவருவார். சில நிமிடங்களில் பிள்ளை கைமாறிவிடும். வளர்க்க வந்தவர்களுக்கு அது பல வருடக் காத்திருப்பின் முடிவு. பிள்ளைக்கோ தனக்குத் தெரிந்த கடைசி முகமும் மறைந்த நாள். முகம் மட்டுமல்ல, மணங்கள், ஓசைகள், உணவின் சுவை, இரவில் பக்கத்துத் தொட்டில்களிலிருந்து கேட்கும் மூச்சு என அனைத்தும் ஒரேநாளில் இல்லாமற் போகின்றன. இரண்டு வயதுப் பிள்ளை இழப்பை முழுமையாக உணரும். ஆனால் அதைச் சொல்ல அதனிடம் சொற்கள் இல்லை.

இவ்வாறான பிள்ளை ஏன் அழாமல் இருக்கிறது? 1952இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் றொபேட்சன் என்பவர் ஒரு படம் எடுத்தார். இரண்டரை வயதை எட்டும் ஒரு சிறுமி சிறிய சத்திரசிகிச்சைக்காக எட்டு நாட்கள் வைத்தியசாலையில் இருப்பதே அதன் விடயம். பெற்றோர் வந்துபார்ப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்த காலம் அது. அச்சிறுமி பெரிதாக அழவில்லை. அடக்கமாக, தாயையும் நெருங்காமல் இருந்தாள். படம் மருத்துவர்கள் பலருக்குக் கோபமூட்டியது. றொபேட்சனும் ஜோன் போல்பியும் பிரிவுக்குள்ளான குழந்தைகளில் மூன்று கட்டங்களைக் கண்டார்கள். முதலில் எதிர்ப்பு: பிள்ளை கத்தும், தேடும். அடுத்து நம்பிக்கையிழப்பு: சோர்ந்து ஒடுங்கும். மூன்றாவது விலகல்: பிள்ளை சாப்பிடும், சிரிக்கும், எவரிடமும் போகும். 'பிள்ளை பழகிவிட்டது' என்று தாதியர் மகிழ்ந்தது இந்த மூன்றாவது கட்டத்தைப் பார்த்துத்தான். உண்மையில் பிள்ளை எவரையும் நம்பாதிருக்கப் பழகியிருந்தது.

இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அழுகை என்பது ஓர் அழைப்பு. பல தொட்டில்களுக்கு ஒரு பணியாளர் என்றிருக்குமிடத்தில் அழைப்புக்கு எவரும் வருவதில்லை. வராத ஒருவரை எவ்வளவு காலத்துக்கு அழைப்பது? 1989இல் சௌசெஸ்குவின் வீழ்ச்சிக்குப் பின் ருமேனிய இல்லங்களிலிருந்து பிரித்தானியாவுக்குத் தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளை மைக்கல் றட்டர் குழுவினர் நீண்டகாலம் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஆறு மாதத்துக்குள் இல்லத்தை விட்டு வந்தவர்கள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நீடித்த சிக்கல்கள் இருந்தன. முன்பின் தெரியாதவரோடும் தயங்காமல் போய்விடுவது அவற்றில் ஒன்று. 'யார் தூக்கினாலும் போகும்' என்பதை எனது நண்பர் போலவே நானும் நல்ல குணமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் இதை விதியாக்கிவிடக் கூடாது. லைடன் பல்கலைக்கழகத்தில் பெம்மி யூஃபர், வான் ஐசன்டூர்ன் ஆகியோர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பான்மையோர் நன்றாகவே தேறுகிறார்கள் என்பது தெரிந்தது. ஒரு வயதுக்குப் பின் வருபவர்களுக்குப் பற்று வேரூன்றுவது கடினம், முடியாததல்ல. அது தானாக நடப்பதுமில்லை.

என்ன செய்யவேண்டும்? முதலாவது, பிள்ளையின் உலகத்தைச் சிறிதாக்குவது. முதல் சில மாதங்களுக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, அழும்போது தூக்குவது எல்லாம் பெற்றோர் இருவரும் மட்டுமே. வருபவர்கள் பிள்ளையோடு விளையாடலாம், தூக்கக் கூடாது. ஒரு பிள்ளை வந்ததும் மண்டபம் எடுத்துக் கொண்டாடி, கைக்குக் கை மாற்றிக் கொஞ்சும் எமக்கு இது கொடுமையாகத் தோன்றும். ஆனால் பத்துக் கைகளில் மாறிவந்த பிள்ளைக்கு இன்னும் ஐம்பது கைகள் தேவையில்லை. இந்த இரண்டு முகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும் என்பதை அது முதலில் அறியவேண்டும்.

இரண்டாவது, வயதைப் பின்னோக்கிக் கணக்கிடுவது. இருபத்திரண்டு மாதப் பிள்ளையானாலும் இந்த வீட்டில் அது அன்றுதான் பிறந்தது. மடியில் வைத்துப் போத்தலில் பால் கொடுக்கலாம், உடலோடு கட்டிச் சுமக்கலாம். 'பழுதாக்கிவிடுவீர்கள்' என்று அயலவர் சொல்வார்கள், கேட்கத் தேவையில்லை. விழுந்தும் அழாத பிள்ளையை அழுததாகவே கருதித் தூக்கி, 'நொந்துவிட்டதா' என்று தடவவேண்டும். அழைத்தால் ஆள் வரும் என்பதை இவ்வாறுதான் அது மீண்டும் கற்கிறது.

மூன்றாவது, தூக்கமும் உணவும். வரிசைத் தொட்டில்களில் தூங்கிய பிள்ளைக்குத் தனியறையும் இருட்டும் பயங்கரமானவை. பிள்ளைக்குத் தனியறை என்பது இங்குள்ளவர்களின் பெருமை. ஆயினும் இங்கே சரியாக இருப்பது பாயில் பிள்ளையை அணைத்துப் படுக்கும் எமது வழக்கமே. சில பிள்ளைகள் நிறுத்தாமல் சாப்பிடும், கன்னத்தில் உணவை ஒதுக்கிவைக்கும். தட்டைப் பறிக்காமல், கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் ஏதாவது இருக்கவிட்டால் அந்தப் பயம் மெல்லக் குறையும். வந்தபோது அணிந்திருந்த உடுப்பை உடனே தோய்க்கக் கூடாது. அதில்தான் பழைய வீட்டின் மணம் இருக்கிறது.

நான்காவது, பெற்றோரில் ஒருவரைப் பிள்ளை பிடித்துக்கொண்டு மற்றவரைத் தள்ளினால் அதைத் தனிப்பட்ட நிராகரிப்பாகக் கொள்ளாதிருப்பது. ஒருவரை நம்பக் கற்றபின்தான் இன்னொருவர். நெதர்லாந்தில் அன்று தத்தெடுப்புக்கான விடுமுறை நான்கு வாரங்கள்; 2019இலிருந்து ஆறு. நம்பிக்கையின் கணக்கோ மாதங்களிலும் வருடங்களிலும் ஓடுகிறது. எனது நண்பர் இரவு வேலைக்குத் திரும்பியபோது, பிள்ளையின் கண்ணில் அவரும் மறைந்துபோன இன்னொரு முகம்.

இப்போது அந்த நான்காம் மாத அலறலைப் பாருங்கள். தாய் மறைந்தால் கத்துகிறது என்றால், அவள் வேறெவராலும் ஈடுசெய்ய முடியாதவள் ஆகிவிட்டாள் என்று பொருள். எதிர்ப்புக் காட்டும் துணிவு பிள்ளைக்குத் திரும்பி வந்திருக்கிறது. ஆலோசகர் ஒருவர் இதை விளக்கியபோது அவர்கள் இருவரும் அழுததாக நண்பர் பின்னர் சொன்னார்.

மொழி பற்றியும் சொல்லவேண்டும். 'சின்னப்பிள்ளைதானே, எல்லாம் மறந்துவிடும்' என்பது எல்லோரும் சொல்லும் ஆறுதல். மொன்றியலில் 2014இல் வெளியான ஓர் ஆய்வு, சராசரியாக ஒரு வயதளவில் சீனாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டு, பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சிறுமிகளைப் பரிசோதித்தது. சீனமொழி அவர்களுக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆயினும் சீனத் தொனிகளைக் கேட்டபோது அவர்களது மூளை அம்மொழியைப் பேசுபவர்களின் மூளையைப் போலவே இயங்கியது. மறந்தது வேறு, இல்லாமற் போனது வேறு. எனவே பிள்ளையின் பெயரை மாற்றாதிருப்பதும், 'வா', 'பால்', 'தூங்கு' போன்ற சில சொற்களையாவது அதன் மொழியில் கற்றுவைப்பதும் வெறும் சடங்குகளல்ல.

தத்தெடுப்பு என்பதே இன்று கேள்விக்குள்ளாகியிருக்கிறது. 2021இல் வெளியான டச்சு அரச விசாரணைக்குழுவின் அறிக்கை, 1967 முதல் 1998 வரை இலங்கை உட்பட்ட நாடுகளிலிருந்து நடந்த தத்தெடுப்புகளில் பாரதூரமான முறைகேடுகளைக் கண்டது. 2024இல் நெதர்லாந்து இதைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தது. அதே ஆண்டு சீனாவும், உறவினர் தவிர்ந்த வெளிநாட்டவருக்குப் பிள்ளைகளைக் கொடுப்பதை நிறுத்தியது. இது அவசியமான விவாதம். ஆனால் பிரிந்த பிள்ளைகள் அதனால் இல்லாமற் போய்விடமாட்டார்கள். எமது வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

2005இல் நானும் மனைவியும் நாட்டைவிட்டு வெளியேறியபோது எட்டு மாத மகளை அம்மம்மாவிடம் விட்டுவந்தோம். 2008இல் குடும்ப இணைவு விசாவில் மூன்றரை வயதில் வந்துசேர்ந்தாள். சட்டப்படி நாங்கள் அவளது பெற்றோர். அவளுக்கோ இரண்டு அந்நியர்கள். விமான நிலையத்தில் அவள் அழவில்லை. அடுத்த வாரமே எல்லோரிடமும் போனாள், எல்லாம் சாப்பிட்டாள். வந்தவர்கள் எல்லாம் கெட்டித்தனம் என்றார்கள். 'அதிர்ஷ்டசாலிகள்' என்று நான் நண்பருக்குச் சொன்ன வார்த்தை எனக்குச் சொல்லப்பட்டதுதான்.

அண்மையில் மகள் கேட்டாள்: "அப்பா, வந்த புதிதில் அம்மம்மா எங்கே என்று நான் கேட்கவே இல்லையா?"

"இல்லை, ஒருநாளும் கேட்கவில்லை" என்றேன்.

"நீங்களாவது சொன்னீங்களா?"

சொல்லவில்லை. ஞாபகப்படுத்தினால் அழுவாள் என்று அம்மம்மாவின் படத்தைக்கூட அலுமாரிக்குள் வைத்திருந்தோம். பாட்டியிடமும் பெரியம்மாவிடமும் விட்டுவந்து பின்னர் அழைத்துக்கொண்ட பிள்ளைகள் எம்மிடையே எத்தனையோ பேர். அவர்களது முதல் மாதங்கள் எப்படியிருந்தன என்பதை அந்தப் பெற்றோரும், வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைகளும் இந்தப் பக்கங்களில் எழுதவேண்டும்.