தறியும் இசையும்: தென்காசி தந்த பீர் முஹம்மது அப்பா

தமிழக இஸ்லாமிய இலக்கியம் என்றதும் காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் ஆகிய கடற்கரை ஊர்களே நம் நினைவில் முந்துகின்றன. மலையடிவாரத் தென்காசிக்கும் அவ்வரிசையில் இடமுண்டு. 17ஆம் நூற்றாண்டின் ஞானி பீர் முஹம்மது அப்பா அவர்கள் பிறந்த ஊர் இதுவே. பின்னர் தக்கலையில் வாழ்ந்து, அங்கேயே அடக்கமானார்கள். நெசவு அவர்களுடைய தொழில். பதினெட்டாயிரம் பாடல்கள் பாடினார்கள் என்பது மரபு.

கைவினை, இசை, போதனை என இன்று நாம் வெவ்வேறு துறைகளாகப் பிரித்து வைத்திருப்பவை அப்பா அவர்களிடம் ஒன்றாகவே இருந்தன. இதற்கு அவர்களுடைய ‘ஞானரத்தினக் குறவஞ்சி’ நல்ல சான்று. சிங்கனும் சிங்கியும் வினா விடையாகப் பாடுவது அதன் அமைப்பு. தொடக்கத்திற்கும் முந்தியது யாது என்பது போன்ற வினாக்கள் அதில் எழுகின்றன. மெய்ஞ்ஞானத்தின் நுண்பொருள்கள் பாமரரும் மனனம் செய்யத்தக்க மெட்டில் அமைகின்றன. எழுத்தறியாதவரும் செவிவழியே பாடம் கேட்கலாம். பாடலே அங்கு ஆசிரியர்.

தென்காசியை அடுத்த குற்றாலத்திற்கும் குறவஞ்சி புதிதன்று. விசயரங்க சொக்கநாத நாயக்கர் (1706–1732) காலத்தில், மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றினார். அங்கும் சிங்கன் வினவுகிறான், சிங்கி விடையளிக்கிறாள். அவள் காலில் பாம்பைக் கண்டதாக அவன் மருள, அது குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள் அவள். கவிராயர் நகைச்சுவைக்கு ஆண்ட உரையாடல் வடிவத்தை, அவருக்கு ஒரு தலைமுறைக்கும் முன்பே அப்பா அவர்கள் ஞானபோதனைக்கு ஆண்டிருந்தார்கள். சமயம் வேறாயினும் இருவரும் எடுத்தாண்டது மக்களிடையே வழங்கிய ஒரே கலைவடிவமே.

குற்றாலத்துச் சித்திரசபையில் இறைவனின் கூத்தை வண்ண ஓவியமாகத் தீட்டி வழிபடுகின்றனர். உருவமற்ற ஏகனைப் பாடிய அப்பா அவர்களுக்கோ தூரிகையால் ஆகும் பணி ஏதுமில்லை. அவர்கள் காட்ட விரும்பியதைச் சொல்லிலேயே தீட்டினார்கள்.

தக்கலையில் ஆண்டுதோறும் ரஜப் பிறை 14 இரவில், அவர்களுடைய ‘ஞானப்புகழ்ச்சி’யை மக்கள் கூடியிருந்து பாடுகின்றனர். நாம் கருத வேண்டியது இங்கேதான் உள்ளது. அச்சு நூல் சொல்லைக் காக்கும். மெட்டையும் மூச்சு நிறுத்தும் இடத்தையும் காக்காது. அவை மூத்தவர் குரலிலிருந்து இளையவர் செவிக்கு நேரே செல்ல வேண்டியவை. ஒரு தலைமுறை பாடாமல் விட்டால் நம் கையில் எஞ்சுவது பாவே நீங்கிய பாதித் துணியாகும். ஆய்வரங்குகளில் அப்பா அவர்களைப் போற்றும் நாம், நம் பிள்ளைகளுக்கு அவர்களுடைய பாடல் ஒன்றையேனும் பாடக் கற்பித்திருக்கிறோமா?