கூடலூரில் கூலியாள் நிலவரம்

கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், குமுளி மலைச்சாலைக்கு அருகிலுள்ள கூடலூரில் விவசாயக் கூலியாட்களை வேண்டுவோர் இரு திறத்தார். ஒருவர் பெரியாற்றுப் பாசனத்தில் நெல்லும், தோட்டக்காலில் திராட்சையும் பயிரிடும் உள்ளூர்க் குடியானவர். மற்றவர் எல்லைக்கு அப்பால் இடுக்கி ஜில்லாவிலுள்ள ஏலத்தோட்டக்காரர். விடியற்காலையில் ஜீப்புகளில் மலையேறி மாலையில் திரும்பும் ஆட்களிற் பெண்களே மிகுதி. ஆகவே இவ்வூர்க் கூலி நிலவரத்தை அறிய விரும்புவோர் வயலை மட்டும் நோக்கினாற் போதாது, மலையையும் நோக்கவேண்டும்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய தகராறு முற்றி எல்லையிற் கலகம் மூண்டபோது குமுளிப் பாதை அடைபட்டது. தோட்டங்களிற் குடியிருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் மூட்டை முடிச்சுகளுடன் பள்ளத்தாக்குக்கு இறங்கினர். ஏலக்காய் பறிக்கும் பருவம் அது. மேலே ஆளின்றிக் காய் நின்றது. கீழே வேலையின்றி ஆள் நின்றனர். 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கினால் எல்லை மறுபடியும் மூடப்பட்டது. அப்போது திராட்சையும் வாங்குவாரின்றிக் கொடியிலேயே கெட்டமையால், மலையில் இழந்த கூலியை ஊரில் ஈட்டவும் வழியில்லாது போயிற்று. 2018 ஆகஸ்டுப் பெருமழையின் சேதமோ வேறு வகை. பாதை திறந்த பின்பும் தோட்டங்களில் ஏலச்செடி அழுகியமையால் வேலையே சுருங்கியது.

இத்தகைய காலங்களிற் கூலி விகிதம் உடனே இறங்கிவிடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இந்திய ஜில்லாக்களின் கணக்குகளை ஆராய்ந்து சுப்ரீத் கௌர் என்பார் 2019-ல் வெளியிட்ட கட்டுரை வேறு விதமாகக் கூறுகிறது. நல்ல மழையால் உயர்ந்த கூலி அடுத்த வருஷம் எளிதில் இறங்குவதில்லை. வேலை நாட்களே குறைகின்றன. கிராமத்தில் குறைந்த கூலிக்கு முதலில் இசைபவர் மற்றவரின் பழிக்கு ஆளாவர் என்பதை நம் குடியானவர்கள் அறியாதவரல்லர்.

இனி, எதிர்ப்பக்கம். அணையில் நீர் இருப்பு இடந்தரும் வருஷங்களில் ஜூன் மாதம் முதற்போகத்துக்குத் தண்ணீர் திறக்கப்படுகிறது. 14,707 ஏக்கர் இருபோக நிலத்தின் நடவு முடியுமுன்னரே மலையிற் காய்பறிப்புத் தொடங்கிவிடும். 2019 ஆகஸ்டில் நடந்ததுபோல் ஏலத்தில் ஒரு கிலோ காய் 7,000 ரூபாய் வரை எட்டினால், நடவுக்கு ஆள் கிடைப்பது அரிதே. "ஆட்கள் மலையையே நாடுகிறார்கள்" என்று அப்போது குறைகூறுதல் நியாயமன்று. தண்ணீர் பிந்தி நடவு தவறிய வருஷங்களில் இவ்வாட்களை ஊர்விட்டுப் போகாமற் காத்தது அம்மலைப் பாதையே.

தோட்டக்காரரும் வாளாவிருக்கவில்லை. ஜார்கண்டு, மத்தியப் பிரதேசம், அஸ்ஸாம் முதலிய தொலைதூர ராஜ்யங்களின் ஆட்களைத் தோட்டத்திலேயே தங்கவைக்கும் வழக்கம் அங்கே பரவியிருக்கிறது. கூடலூர் ஆட்களுக்கு இது கவலைக்குரிய செய்தி. பாதை திறந்தாலும் முன்னிருந்த வேலை முழுதும் காத்திராது.

நெல் பயிரிடுவோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. தண்ணீர் வந்த வாரத்திலேயே யாவரும் நாற்று விடுவதால் யாவருக்கும் ஒரே வாரத்தில் ஆள் தேவைப்படுகிறது. மத்திய கால ரக நாற்று 25 முதல் 30 நாளில் நடத்தக்கது. அதற்குமேல் முற்றினாற் தூர் குறையும். ஒரே வாய்க்காலைச் சேர்ந்தவர்கள் கலந்துபேசி, ஒருவாரம் முன்பின்னாக நாற்றுவிட்டு, நடவு ஆட்களுக்கு முறைநாளை முன்னதாகவே தெரிவித்துவிடலாம்.