யூக்கா அந்துப்பூச்சி

நெடுநாள் வைத்திருந்த அரிசியிலிருந்து சிறு பூச்சிகள் பறப்பதைக் கண்டிருப்பீர்கள். அவற்றை ‘அந்து’ என்பர். அதனால்தானோ என்னவோ, அந்துப்பூச்சி என்றாலே தானியத்தைக் கெடுப்பது என்று எண்ணிவிடுகிறோம். வட அமெரிக்காவில் வாழும் யூக்கா அந்துப்பூச்சியோ, தன் புழுக்களுக்கு உணவளிக்கும் செடியைத் தானே காய்க்கச் செய்கிறது.

யூக்கா, வாள் போன்ற கூரிய இலைகளை உடையது. வறண்ட நிலங்களிலும் மணற்பாங்கான இடங்களிலும் வளர்வது. நடுவில் எழும் நீண்ட தண்டில் வெண்ணிற மலர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பூச்சியும் வெண்ணிறமே. பகலில் அது மலருக்குள் ஒடுங்கியிருந்தால் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது.

இரவில் பெண்பூச்சி தன் வேலையைத் தொடங்கும். அதன் வாயருகே விரல்போல் வளையும் இரண்டு உறுப்புகள் உள்ளன. அவற்றால் மகரந்தத்தைத் திரட்டி, உருண்டையாக்கித் தலைக்கடியில் சுமந்துகொண்டு வேறொரு மலருக்குப் பறக்கும். அம்மலரின் சூலகத்தைத் துளைத்து முட்டையிடும். பின்னர் சூலகமுடிக்கு ஏறி, மகரந்தத்தை அதில் அழுத்தி வைக்கும். பெரும்பாலான பூச்சிகளின் உடலில் மகரந்தம் தற்செயலாக ஒட்டிச் செல்கிறது. இதுவோ தேடித் திரட்டி, உரிய இடத்தில் சேர்க்கிறது. இத்தனைக்கும், சில நாள்களே வாழும் இப்பூச்சி எதையும் உண்பதில்லை. 1872ஆம் ஆண்டில் சார்லஸ் ரைலி என்னும் பூச்சியியல் அறிஞர் இவ்வியப்பை உலகுக்கு விளக்கினார்.

முட்டையிலிருந்து வரும் புழு, காய்க்குள் இருந்தபடியே விதைகளை உண்ணும். உண்டது போக எஞ்சியவை செடிக்கு. ஒரு மலரில் முட்டைகள் மிகுந்துவிட்டால், செடி அம்மலரையே உதிர்த்துவிடும், உள்ளிருப்பவையும் மடியும். வளர்ந்த புழு காயைத் துளைத்து வெளியேறி, மண்ணுக்குள் புகுந்து, பட்டிழையால் கூடு கட்டும். குளிர்காலத்தை அங்கே கழித்து, வசந்தத்தில் கூட்டுப்புழுவாகி, யூக்கா பூக்கும் பருவத்தில் சிறகுடன் வெளிவரும். பூக்கள் குறைந்த ஆண்டுகளும் உண்டல்லவா? சில புழுக்கள் ஓராண்டுக்கு மேலும் மண்ணிலேயே காத்திருக்கும்.

நம் நாட்டுப் பூங்காக்களிலும் யூக்காவை அழகுக்காக வளர்க்கின்றனர். நன்றாகப் பூக்கும்; ஆயினும், இப்பூச்சி இங்கு இல்லாமையால் பெரும்பாலும் காய்ப்பதில்லை. பக்கக் கன்றுகளைப் பிரித்து நட்டே பெருக்குகின்றனர்.

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஓங்கி வளரும் ஜோசுவா மரமும் யூக்கா வகையே. அதற்குத் துணை, வேறு இரண்டே அந்துப்பூச்சி இனங்கள். 2020ஆம் ஆண்டில் மூண்ட தீயில் அங்கு 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் கருகியதாக மதிப்பிட்டுள்ளனர். தன்னார்வலர்கள் புதிய கன்றுகளை நட்டனர். அவை பூப்பதற்குப் பல்லாண்டுகள் ஆகும். பூக்கும் நாளில் அருகே அந்துப்பூச்சி இருந்தால்தான் காய்க்கும்.