நாய்க்குட்டியும் பச்சை இறைச்சியும்

பனிமூட்டம் கவிந்த லிந்துலைத் தோட்டங்களில் இரவில் லயத்து வாசலைக் காப்பது நாயே. சிறுத்தை நடமாடும் மலைநாட்டில் அதன் குரைப்பே வீட்டாருக்கு முன்னெச்சரிக்கை. அக்காவலன் குட்டியாயிருக்கையில், அன்பு மிகுதியால் சிலர் நாள்தோறும் பச்சை இறைச்சியையே ஊட்டுவர். காட்டு விலங்கு உண்பதும் அதுதானே என்பது அவர்தம் வாதம்.

ஆயின், காட்டு விலங்கு சதையோடு எலும்பையும் ஈரலையும் சேர்த்தே உண்கிறது. தனிச் சதையில் பொசுபரசு மிகுதி. கல்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்தோ மிகச் சொற்பம். வளரும் குட்டிக்குக் கல்சியமே சற்று மிகுந்திருத்தல் வேண்டும். உணவில் அது கிடையாவிடின், உடல் தன் எலும்பையே கரைத்து இரத்தத்தின் குறையை ஈடுசெய்யும். அதனால் கால்கள் வளையும். சிறு துள்ளலிலும் எலும்பு முறியும்.

மற்றொரு தீங்கும் உண்டு. பச்சை இறைச்சியிலுள்ள சல்மொனெல்லாக் கிருமி உறையவைத்தாலும் முற்றும் மடிவதில்லை. குழந்தையும் குட்டியும் ஒன்றாக விளையாடும் லயத்தில், குட்டியின் வாயிலிருந்து குழந்தையின் கைக்கு அது எளிதில் வந்து சேரும். ஆடு மாடுகளின் பச்சை ஈரல், நுரையீரல் வழியாக நாயின் குடலில் நாடாப்புழு குடியேறுவதும் உண்டு. அப்புழுவின் முட்டை மனிதர் வயிற்றுட் புகுந்தால் ஈரலில் நீர்க்கட்டி வளரும்.

ஆகவே, இறைச்சியை நன்கு வேகவைத்து, சோறும் காய்கறியும் சேர்த்து, நாளுக்கு மூன்று நான்கு வேளையாக ஊட்டுதல் நன்று. முட்டையோட்டை அவித்து உலர்த்தி மாவாக்கிக் கலக்கலாம். ஒரு கிராம் மாவில் ஏறத்தாழ 380 மில்லிகிராம் கல்சியம் உண்டு. மிகையும் தீதாதலின், அளவை மிருக வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். வெங்காயம் ஆகாது, வெந்த எலும்பு சிம்பாய் உடைந்து குடலைக் கிழிக்கும்.

குட்டியின் வயிறு நிரம்பினாற் போதாது. நாளை வாசலைக் காக்கும் கால்கள் உறுதிபெறவும் வேண்டும்.