சூடு யார் கையில்?

இலண்டனில் குளிர்காலத்தைக் கழிப்பவருக்கு வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் சோறு சமைக்கும் அடுப்பைப் போலவே இன்றியமையாதது. எங்கள் வீட்டில் அதனை நெடுங்காலம் இரு எளிய கருவிகள் ஆண்டு வந்தன. ஒன்று, கொதிகலனை வேளைக்கு எழுப்பி வேளைக்கு நிறுத்தும் கடிகாரம். மற்றது, வெப்பநிலை நிறுத்தி. வெவ்வேறளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிய தகடே பின்னதன் உயிர். அறை சூடேறத் தகடு வளையும், மின்தொடர்பு அறும், கொதிகலன் ஓயும். குளிர்ந்ததும் தொடர்பு மீளும். மின்சார வெப்பநிலை நிறுத்திக்கு அமெரிக்கரான வாரன் ஜோன்சன் உரிமம் பெற்றது 1883இல்.

அண்மையில் இவ்விரண்டையும் கழற்றி, இணையத்தோடு இயங்கும் 'ஸ்மார்ட்' கருவியொன்றைப் பூட்ட முனைந்தோம். வீட்டில் ஆளில்லையெனின் அது தானே வெப்பத்தைக் குறைக்கும். வழியிலிருந்தே கைத்தொலைபேசியால் அதனைப் பணிக்கலாம். வீணே எரியும் வாயு மிச்சமாகும். இவை மெய்யான நன்மைகளே.

"வீட்டுச் சூட்டுக்கு ஆரைக் கேக்க வேணும், தம்பி?" என்றார் என் தாயார். அவர் கைத்தொலைபேசியைத் தொடாதவர்.

கேள்வி பொருளுடையது. இத்தகைய கருவியின் அறிவிற் பெரும்பகுதி தொலைவிலுள்ள நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. 2011இல் அறிமுகமான நெஸ்ட் கருவியின் முதலிரு தலைமுறைகளுக்கும் கூகிள் நிறுவனம் 2025 ஒக்டோபர் 25இல் ஆதரவை நிறுத்தியது. கைத்தொலைபேசிக் கட்டளை அற்றது. சுவரிற் சென்று கையால் திருப்பும் வசதி எஞ்சியது.

ஆகவே, குமிழுள்ள கருவியையே தேர்ந்தோம். வாங்க எண்ணும் அன்பர்களும் இதனை முதலில் விசாரிப்பாராக: இணையம் அறுந்த இரவில், வீட்டிலுள்ள முதியவர் எவர் துணையுமின்றி அதனைத் திருப்ப இயலுமா?