கவுதாரியின் அலகைத் தேய்ப்பது யார்?

போடியிலிருந்து முந்தல் போகும் வழியில், விடிகாலையில் கவுதாரி கத்துவதைக் கேட்டிருக்கிறீர்களா? புதருக்குள் ஒன்று ஆரம்பித்தால் போதும், எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். அந்தக் கவுதாரியின் அலகு, நம் நகம் மாதிரி, கடைசிவரை வளர்ந்துகொண்டே இருக்கும். அப்படியானால் அது ஏன் நீண்டு வளைந்து போவதில்லை?

நாள் முழுக்க அது தரையைக் கொத்துகிறதே, அதனால்தான்! மண்ணைக் கிளறிக் கரையானும் புல்விதையும் தேடும்போது, சரளைக்கல்லில் உரசி உரசி அலகு தானாகவே தேய்ந்துவிடும். ஆனால் கம்பிக்கூண்டில் அடைத்துவிட்டால் கல் ஏது, மண் ஏது? கிண்ணத்தில் மாவுத் தீவனம், அவ்வளவுதான். மேல் அலகு நீண்டு கீழ்நோக்கி வளையும். அது மிஞ்சிப்போனால், தீவனத்தின் முன்னாலேயே பறவை பட்டினி கிடக்கும்.

கவுதாரியைப் பிடித்து வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்த ஆசையே வேண்டாம். ஆனால் வீட்டில் காடை, கோழி வளர்ப்பவர்களுக்கும் இதே கதைதான். கூண்டுக்குள் சொரசொரப்பான தட்டைக்கல் ஒன்றைப் போட்டு, தானியத்தை அதன்மேல் தூவுங்கள். கொத்தக் கொத்த அலகு தேயும்.

அப்படியும் நீண்டுவிட்டதா? அவசரப்பட்டுக் கத்தரியைத் தூக்காதீர்கள்! அலகுக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. கொஞ்சம் கூடுதலாக வெட்டினாலும் ரத்தம் வரும், வலியும் பொறுக்க முடியாது. பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்; நுனியை மட்டும் பதமாக ராவிவிடுவார்.