கல்லுக்குள் குடியிருக்கும் கிருமி

நீர்க்கடுப்பு வருகிறது. ஆன்டிபயாடிக் போட்டதும் எரிச்சல் அடங்குகிறது. ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி அதே கடுப்பு, அதே மாத்திரை. பெண்களுக்கும், நெடுநாள் சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவர்களுக்கும் இது தொடர்கதையானால், ஸ்கேன் பார்க்காமல் அடுத்த சீட்டு எழுதக் கூடாது. கிருமியே கட்டிய கல் சிறுநீரகத்தில் வளர்ந்துகொண்டிருக்கலாம்.

புரோட்டியஸ் போன்ற சில பாக்டீரியாக்களிடம் யூரியேஸ் என்ற நொதி உண்டு. அது சிறுநீரிலுள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். சிறுநீர் காரத்தன்மை அடையும், பி.எச். 7.2-ஐத் தாண்டும். அந்தக் காரத்தில் மக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து 'ஸ்ட்ருவைட்' கல்லாகப் படியும். சில மாதங்களிலேயே சிறுநீரகத்தின் உள்ளறைகளை அடைத்து, கிளைவிட்ட மான்கொம்பு போல நின்றுவிடும். இடம்விட்டு நகராததால் பலருக்கு வலியே தெரியாது. அதுதான் ஆபத்து. வலியில்லாமலே சிறுநீரகம் பாழாகும். கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே கேடு.

ஆன்டிபயாடிக் ஏன் தோற்கிறது? கிருமி கல்லின் மேல் மட்டும் இல்லை, உள்ளேயும் புதைந்திருக்கிறது. மருந்து அங்கே போதிய அளவில் எட்டுவதில்லை. சிறுநீர் சுத்தமானதுபோலத் தெரியும். மாத்திரையை நிறுத்தியதும் கல்லிலிருந்து கிருமி மறுபடி கிளம்பும்.

கிருமியை விட்டுவிட்டு அதன் நொதியை முடக்கினால் என்ன? யூரியேஸை முடக்கும் அசிட்டோஹைட்ராக்சாமிக் அமிலத்துக்கு அமெரிக்கா 1983-ல் அனுமதி கொடுத்தது. கல் வளரும் வேகத்தை அது குறைக்கிறது. ஆனால் தலைவலி, கைநடுக்கம், ரத்தசோகை, காலில் ரத்தக்கட்டு என்று தொல்லைகள் பல. பாதியில் நிறுத்தியவர்கள் ஏராளம். கர்ப்பிணிகளுக்குத் தரவே கூடாது. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கும் ஆகாது. அறுவை சிகிச்சை செய்ய முடியாத நிலையில் கைக்கொள்ளும் மருந்தாகவே அது நிற்கிறது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கல் என்றதும் சிட்ரேட் சிரப் வாங்கிக் குடிக்கும் பழக்கம் இருக்கிறது. யூரிக் அமிலக் கல்லுக்கு அது நல்ல மருந்து, ஏனென்றால் அது சிறுநீரைக் காரமாக்கும். ஏற்கெனவே காரமேறிய சிறுநீரில் வளரும் இந்தக் கல்லுக்கு அதே மருந்து தீனியாகலாம்.

ஆகவே கல்லை முழுதாக எடுப்பதுதான் முதல் சிகிச்சை. பெரிய கல்லென்றால் முதுகுப் பக்கம் சிறு துளையிட்டு உடைத்து எடுக்கிறார்கள். துணுக்கு மிஞ்சினால் அதிலிருந்தே புதுக் கல் வளரும். ஆன்டிபயாடிக்கின் உண்மையான வேலை இங்கேதான்: அறுவைக்கு முன் கிருமியை அடக்குவது, பின்னர் மீண்டும் தொற்றாமல் காப்பது. எடுத்த கல்லையும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரில் தெரிந்த கிருமி ஒன்றாகவும் கல்லுக்குள் இருந்தது வேறாகவும் இருப்பதுண்டு. மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியது கல்லுக்குள் இருந்ததைப் பார்த்து.